எந்த வேலை எந்த சிபியுவில்? வாசகர் கேள்வி–பதில்

ப்ராசஸ்களை, அதாவது ஓடும் நிரல்களை, குறிப்பிட்ட சிபியுக்களில் மட்டும் ஓடும்படி பிணைப்பது (அஃபினிட்டி) பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். சிபியு எண்கள் எல்லா இடத்திலும் 0-இலிருந்து தொடங்குகின்றன.

கேள்வி: எங்கள் லினக்ஸ் சர்வரில் 16 சிபியு. ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ப்ராசஸ் எண்ணைக் கொடுத்து, டாஸ்க்செட் கட்டளை மூலம் 0 முதல் 3 வரையுள்ள சிபியுக்களோடு பிணைத்தேன். பிழை எதுவும் வரவில்லை. ஆனால் மற்ற சிபியுக்களிலும் அதே டேட்டாபேஸ் ஓடுகிறதே, ஏன்?

பதில்: லினக்ஸில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (ப்ராசஸுக்குள் தனியாக ஓடும் இழைக்கும்) தனித்தனியாகத்தான் பிணைப்பு. ப்ராசஸின் எண்ணும் அதன் முதல் த்ரெட்டின் எண்ணும் ஒன்றே என்பதால், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அந்த ஒரு த்ரெட்டை மட்டும் பிணைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டது. மற்ற த்ரெட்கள் பழையபடி 16 சிபியுவிலும் சுற்றுகின்றன.

டாஸ்க்செட்டில் 'ஏ' சுவிட்சைச் சேர்த்தால் அந்த ப்ராசஸின் எல்லா த்ரெட்களையும் பிணைக்கும். அதிலும் ஒரு சிறு ஓட்டை உண்டு. த்ரெட் பட்டியலைப் படித்து ஒவ்வொன்றாகத்தான் அது பிணைக்கிறது. அந்த இடைவெளியில், இன்னும் பிணைக்கப்படாத ஒரு த்ரெட் புதிதாக ஒன்றைப் பெற்றெடுத்தால், அந்தக் குழந்தை பழைய அனுமதியோடு தப்பிவிடும். வேகமாக த்ரெட் உருவாக்கும் நிரல்களில் இது நிஜமாகவே நடக்கும்.

எங்கள் பரிந்துரை: ஓடுகிற ப்ராசஸைத் துரத்திப் பிடிக்காதீர்கள். தொடங்கும்போதே டாஸ்க்செட் வழியாகத் தொடங்குங்கள். பிணைப்பு, ஃபோர்க்கில் (ப்ராசஸ் தன் நகலை உருவாக்கும்போது) குழந்தைக்குப் போகும், எக்ஸெக் செய்தாலும் (அதே ப்ராசஸில் வேறு நிரலை ஏற்றினாலும்) அழியாது. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் கீழ் ஓடும் சேவை என்றால் யூனிட் கோப்பில் 'சிபியு அஃபினிட்டி' வரியோ, இன்னும் உறுதியாக 'அலவ்டு சிபியூஸ்' வரியோ எழுதுங்கள். பின்னது சிகுரூப்பின் (ப்ராசஸ்களைக் குழுவாக்கி எல்லை வைக்கும் கெர்னல் வசதி) சிபியுசெட் வழியாக வேலை செய்வதால் அந்தச் சேவையின் எந்த த்ரெட்டும் வெளியே போக முடியாது.

உங்களுடையது போஸ்ட்கிரஸ் போல இணைப்புக்கு ஒரு ப்ராசஸ் என்று ஓடும் டேட்டாபேஸ் என்றால் 'ஏ' சுவிட்சும் போதாது. தாய் ப்ராசஸைப் பிணைத்த பிறகு வரும் இணைப்புகள் மட்டுமே புதிய பிணைப்பைப் பெறும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் மாறாது.

சரிபார்க்க: ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸின் டாஸ்க் உள்ளடைவுக்குப் போய், ஒவ்வொரு த்ரெட்டின் ஸ்டேட்டஸ் கோப்பிலும் 'சிபியூஸ் அலவ்டு லிஸ்ட்' வரியைப் பாருங்கள். பிஎஸ் கட்டளையின் 'பிஎஸ்ஆர்' பத்தி த்ரெட் கடைசியாக எந்த சிபியுவில் இருந்தது என்பதை மட்டுமே காட்டும். அனுமதியை அதை வைத்து முடிவுசெய்ய முடியாது.

கேள்வி: டாஸ்க்செட்டுக்கு 3 என்று கொடுத்தேன். சிபியு 3-க்குப் போகாமல் 0, 1 இரண்டிலும் ஓடுகிறது.

பதில்: 'சி' சுவிட்ச் இல்லாவிட்டால் நீங்கள் தருவது பதினாறடிமான மாஸ்க், அதாவது ஒவ்வொரு பிட்டும் ஒரு சிபியுவைக் குறிக்கும் எண். சிபியு 0-க்கு 1, சிபியு 1-க்கு 2, சிபியு 2-க்கு 4, சிபியு 3-க்கு 8. ஆகவே 3 என்றால் 0-உம் 1-உம். 10 என்று கொடுத்தால் அது பதினாறடிமானத்தில் 16, அதாவது சிபியு 4 மட்டும். 'சி' சுவிட்சோடு 0-3,8 என்று பட்டியலாகவே எழுதுங்கள். 0-31:2 என்றால் ஒன்றுவிட்டு ஒன்று. விண்டோஸில் ஸ்டார்ட் கட்டளையின் அஃபினிட்டி சுவிட்சும் பதினாறடிமான மாஸ்க்தான் கேட்கும், அங்கே பட்டியல் வசதி கிடையாது.

கேள்வி: கல்லூரித் திட்டத்துக்காக ஒரு சிறிய இயங்குதளம் எழுதுகிறோம். த்ரெட்டை சிபியுவோடு பிணைக்க ஒரு சிஸ்டம் கால் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) வேண்டும். த்ரெட் எண், 64 பிட் மாஸ்க் என்று இரண்டு அளவுருக்கள் போதுமா?

பதில்: இன்றைக்குப் போதும், பிறகு மாட்டிக்கொள்வீர்கள். விண்டோஸுக்கு இதுதான் நடந்தது. அதன் பழைய ஃபங்ஷன்கள் மாஸ்க்கை ஒரே எண்ணாக வாங்குகின்றன: 32 பிட் விண்டோஸில் 32 சிபியு, 64 பிட்டில் 64. அதற்கு மேல் சிபியு உள்ள கணினிகள் வந்தபோது அந்த எண்ணை நீட்ட வழியில்லை. அதனால் விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 பதிப்புகளில் ப்ராசஸர் குரூப் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஒரு குரூப்பில் அதிகபட்சம் 64 சிபியு. குரூப் எண்ணும் மாஸ்க்கும் சேர்ந்து வாங்கும் புதிய ஃபங்ஷன்கள் தனியாக வந்தன. பழைய ஃபங்ஷன்களை மட்டும் தெரிந்த நிரல் தன் குரூப்புக்கு வெளியே எதையும் பார்க்காது. விண்டோஸ் 11, சர்வர் 2022 வந்த பிறகே ஒரு ப்ராசஸின் த்ரெட்கள் தாமாகவே எல்லா குரூப்களிலும் பரவும் நிலை ஏற்பட்டது.

லினக்ஸின் சிஸ்டம் கால் 2.5.8 கெர்னலில் வந்தபோதே மூன்று அளவுருக்களோடு வந்தது: த்ரெட் எண், மாஸ்க்கின் நீளம் பைட்டில், மாஸ்க் இருக்கும் முகவரி. நீளத்தைக் கேட்டதுதான் இதில் உள்ள அறிவு. லினக்ஸ் நிரல்கள் கெர்னலை அழைக்கப் பயன்படுத்தும் ஜிலிப்சி நூலகம் 2.3.3 பதிப்பில் அந்த நீளத்தைத் தூக்கிவிட்டு, 2.3.4-இல் மறுபடி சேர்த்தது. இடையில் எழுதிய நிரல்கள் தொகுக்கும்போது தடுமாறின. நூலகத்தின் ஆயத்த மாஸ்க் வகை 128 பைட், அதாவது 1024 சிபியு. அதைவிடப் பெரிய கணினிகளுக்கு மாஸ்க்கை வேண்டிய அளவில் ஒதுக்கிக்கொள்ளத் தனி மேக்ரோக்கள் இருக்கின்றன. கெர்னலில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆகவே முகவரியும் நீளமும் வாங்குங்கள். அடுத்து, நீளம் பொருந்தாதபோது என்ன செய்வது என்று எழுதிவையுங்கள். லினக்ஸில் பிணைக்கும்போது மாஸ்க் குறுகியதாக இருந்தால் மீதி பிட்கள் 0 என்று கொள்ளப்படும், நீண்டிருந்தால் மிச்சம் கண்டுகொள்ளப்படாது. படிக்கும்போது மட்டும் கண்டிப்பு: இடம் போதாவிட்டால் 'ஐன்வால்' (செல்லாத அளவுரு) பிழை. அரைகுறை பதிலைக் கொடுத்து நிரலை ஏமாற்றுவதைவிட அது மேல்.

மூன்றாவது, யாரைப் பிணைக்கிறோம் என்பதை வெறும் எண்ணால் சொல்ல முடியாது. முதல் கேள்வி கேட்ட வாசகர் மாட்டியது இதில்தான்: ப்ராசஸ் என்று நினைத்துக் கொடுத்த எண்ணை கெர்னல் த்ரெட் என்று எடுத்துக்கொண்டது. ஃப்ரீபிஎஸ்டி 7.1-இல் வந்த சிபியுசெட் சிஸ்டம் கால்களைப் படியுங்கள். அங்கே எண்ணோடு 'இது த்ரெட்டா, ப்ராசஸா, செட்டா' என்ற வகையும், 'தனி மாஸ்க்கா, அது சார்ந்த செட்டா, அதற்கும் மேலே உள்ள வேர் செட்டா' என்ற அடுக்கும் தனித்தனியாகக் கேட்கப்படுகின்றன. எங்களுக்குத் தெரிந்தவற்றில் மிகத் தெளிவாக யோசித்த இன்டர்ஃபேஸ் அது.

அந்த அடுக்கு ஏன் முக்கியம் என்றால், இரண்டு பேர் இரண்டு ஆணை தருவார்கள். நிர்வாகி 'இந்தச் சேவைக்கு 4 முதல் 7 வரை' என்பார். நிரலோ தன் த்ரெட்டுக்கு '6, 7, 8' என்று கேட்கும். லினக்ஸில் இரண்டின் பொதுப் பகுதியான 6, 7 கிடைக்கும். பொதுப் பகுதியே இல்லையென்றால்தான் பிழை வரும். அதாவது, சிஸ்டம் கால் வெற்றி என்று திரும்பினாலும் கேட்டதைவிடக் குறைவாகக் கிடைத்திருக்கலாம். உங்கள் ஆவணத்தில் இதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள், பிணைத்த உடனே திரும்பப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிரல் கேட்ட மாஸ்க்கைத் தனியாக நினைவில் வையுங்கள். நிர்வாகி நாளைக்குத் தன் எல்லையை விரித்தால் அந்த 8-உம் சேர்ந்துகொள்ள வேண்டும். லினக்ஸின் பழைய கெர்னல்கள் இதை மறந்துவிடும், புதியவை நினைவில் வைக்கின்றன.

மாஸ்க்கைப் படிக்கும் சிஸ்டம் காலை மறக்காதீர்கள். விண்டோஸில் த்ரெட்டின் மாஸ்க்கை மாற்றும் பழைய ஃபங்ஷன் முந்தைய மாஸ்க்கைத் திருப்பித் தரும். ஆனால் பழைய ஃபங்ஷன்களில் அதற்கு இணையாக, மாற்றாமல் படிக்கும் ஒன்று கிடையாது. அதனால் இருப்பதைத் தெரிந்துகொள்ளவே ஒருமுறை மாற்றிவிட்டுத் திரும்ப வைக்கும் நிரல்களைப் பார்க்கலாம். அது கெட்ட பழக்கம், ஆனால் அதற்குத் தள்ளியது இன்டர்ஃபேஸ்.

இன்னும் இரண்டை முடிவுசெய்யுங்கள். ஒன்று, த்ரெட் தன்னையே பிணைத்துக்கொண்டு கால் திரும்பும்போது அது புதிய சிபியுவில் இருக்கும் என்ற உறுதி. லினக்ஸ் இதைத் தருகிறது, நீங்களும் தாருங்கள். சிபியுவுக்குத் தனியாக உள்ள கவுண்டர்களைப் படிக்கும் நிரல்கள் இதை நம்பித்தான் எழுதப்படுகின்றன. இரண்டு, அனுமதி: பிறர் ப்ராசஸைப் பிணைக்க யாருக்கு உரிமை? லினக்ஸில் அதே பயனராக இருக்க வேண்டும், அல்லது 'சிஸ் நைஸ்' என்ற தனி உரிமை வேண்டும்.

கேள்வி: மேக்கில் டாஸ்க்செட் போன்ற கட்டளை ஏன் இல்லை?

பதில்: கட்டாயப் பிணைப்பை ஆப்பிள் வேண்டுமென்றே தரவில்லை. மேக் ஓஎஸ் எக்ஸ் 10.5-இல் வந்தது அஃபினிட்டி டேக் மட்டும். ஒரே டேக் உள்ள த்ரெட்களை ஒரே கேஷைப் பகிரும் சிபியுக்களில் வைக்க ஷெட்யூலர் (எது எங்கே ஓடும் என்று தீர்மானிக்கும் பகுதி) முயலும், அது ஒரு வேண்டுகோள்தான். ஆப்பிள் சிலிக்கான் கணினிகளில் அந்த டேக்கும் ஏற்கப்படுவதில்லை, ஆதரவில்லை என்ற பிழை திரும்பும். அங்கே நீங்கள் சொல்ல முடிவது வேலையின் அவசரம் மட்டும்: க்யூஓஎஸ் வகுப்பை பேக்கிரவுண்ட் என்று வைத்தால் சிக்கனக் கோர்களில் ஓடும். டாஸ்க்பாலிசி கட்டளையின் 'பி' (b) சுவிட்ச் இதையே செய்யும்.

இதில் நியாயம் இருக்கிறது. லேப்டாப்பில் எந்தக் கோர் எப்போது வேகமானது என்பது சூட்டையும் பேட்டரியையும் பொறுத்து மாறும். நிரலர் எழுதிவைத்த எண் அதை அறியாது. விண்டோஸ் 10-இல் வந்த சிபியு செட் ஃபங்ஷன்களும் இதே நோக்கில் மென்மையானவை. அவற்றில் சொல்வது விருப்பமாக எடுத்துக்கொள்ளப்படும், மாஸ்க் போலக் கட்டாயமல்ல. கட்டாயத்துக்கும் விருப்பத்துக்கும் வெவ்வேறு சிஸ்டம் கால்கள் வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஒரே சிஸ்டம் காலில் இரண்டையும் ஒரு கொடியால் (ஃப்ளாக்) பிரித்தால் அந்தக் கொடியை மறப்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

கேள்வி: வேகத்துக்காக எட்டு த்ரெட்களை எட்டு சிபியுக்களோடு ஒன்றுக்கு ஒன்று பிணைத்தேன். பிணைக்காதபோது இருந்ததைவிட மெதுவாகிவிட்டது.

பதில்: பெரும்பாலும் எண்கள் ஏமாற்றியிருக்கும். சிபியு 0, 1, 2 என்ற வரிசை, எது எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. ஹைப்பர்த்ரெடிங் உள்ள கணினியில் ஒரே கோரின் இரு பாதிகள் இரண்டு சிபியுக்களாகத் தெரியும். சில கணினிகளில் 0-உம் 1-உம் ஒரே கோர். பல சர்வர்களில் மொத்தம் 32 சிபியு என்றால் 0-உம் 16-உம் ஒரே கோர். எல்எஸ்சிபியு கட்டளையை 'ஈ' சுவிட்சோடு ஓட்டுங்கள். 'கோர்' பத்தியில் ஒரே எண் உள்ள வரிகள் இரட்டையர். கணக்கு அதிகம் போடும் எட்டு த்ரெட்களை நான்கு கோர்களில் திணித்திருந்தால் காரணம் அதுவே.

இன்டெலின் 12-ஆம் தலைமுறையிலிருந்து இன்னொரு வேறுபாடும் சேர்ந்துகொண்டது. ஐ9-12900கே சிப்பில் 8 வேகக் கோர், 8 சிக்கனக் கோர், மொத்தம் 24 சிபியு. லினக்ஸில் 0–15 வேகமானவை, 16–23 சிக்கனமானவை. சிஸ் அடைவின் டிவைசஸ் பகுதியில் 'சிபியு கோர்', 'சிபியு ஆட்டம்' என்ற உள்ளடைவுகளில் இந்தப் பட்டியல் இருக்கும். எட்டில் ஒரு த்ரெட் சிக்கனக் கோரில் அகப்பட்டால், எல்லாரும் ஒருவருக்காகக் காத்திருக்கும் நிரலில் மொத்த வேகமும் அதன் வேகம்தான்.

இரண்டு சாக்கெட் சர்வர் என்றால் நினைவகத்தைப் பாருங்கள். லினக்ஸில் ஒரு நினைவகப் பக்கம் முதலில் தொடப்படும்போதுதான் ஒதுக்கப்படுகிறது, தொட்ட த்ரெட் இருக்கும் நோடில் (சிபியுக்களும் அவற்றுக்கு அருகிலுள்ள நினைவகமும் சேர்ந்த பகுதி). முதன்மை த்ரெட் முழு அரேயையும் பூஜ்யமாக்கிவிட்டுப் பிறகு த்ரெட்களைப் பிரித்துப் பிணைத்தால், தரவு முழுக்க ஒரு நோடில் கிடக்கும், பாதி த்ரெட்கள் எதிர் சாக்கெட்டிலிருந்து அதை இழுத்துக்கொண்டிருக்கும். டாஸ்க்செட் த்ரெட்டைத்தான் நகர்த்தும், நினைவகத்தை நகர்த்தாது. வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பிணையுங்கள், பிறகு ஒவ்வொரு த்ரெட்டும் தன் பங்கைத் தானே தொட்டுத் தொடங்கட்டும். நூமாஸ்டாட் கட்டளைக்கு 'பி' (p) சுவிட்சும் ப்ராசஸ் எண்ணும் கொடுத்தால் எந்த நோடில் எவ்வளவு என்று தெரியும். தவறிப்போனதை மைக்ரேட்பேஜஸ் மூலம் நகர்த்தலாம். நூமாசிடிஎல் கட்டளையில் 'மெம்பைண்ட்' போடும்போது கவனம்: அந்த நோட் நிரம்பினால் மறு நோடில் எவ்வளவு காலி இருந்தாலும் ஒதுக்காது, கெர்னல் ப்ராசஸைக் கொன்றுவிடலாம். 'ப்ரிஃபர்டு' அப்படி அல்ல, நிரம்பினால் அடுத்த நோடுக்குப் போகும்.

இவையெல்லாம் சரியென்றால், உங்கள் எட்டு சிபியுக்களில் வேறு யார் இருக்கிறார்கள் என்று தேடுங்கள். பிணைப்பு உங்கள் த்ரெட்டை அங்கே நிறுத்துகிறது. மற்றவர்களை அங்கிருந்து விரட்டுவதில்லை. பிணைக்காத த்ரெட் கூட்டம் வந்தால் நகர்ந்துகொள்ளும், பிணைத்தது பக்கத்து சிபியு காலியாக இருந்தாலும் வரிசையில் நிற்கும். நெட்வொர்க் கார்டின் இன்டரப்ட் (கவனிக்கச் சொல்லி சிபியுவுக்கு அனுப்பும் சைகை) அதே சிபியுவில் விழுகிறதா என்பதை ப்ராக் அடைவின் இன்டரப்ட்ஸ் கோப்பில் பாருங்கள். இன்டரப்ட்டை மாற்ற, ப்ராக் அடைவின் ஐஆர்க்யூ உள்ளடைவில் அதன் எண்ணுக்குக் கீழே உள்ள 'எஸ்எம்பி அஃபினிட்டி லிஸ்ட்' கோப்பில் எழுதலாம். ஆனால் இன்டரப்ட்களைப் பங்கிடும் ஐஆர்க்யூபேலன்ஸ் சேவை ஓடினால் சற்று நேரத்தில் உங்கள் எண்ணை மாற்றிவிடும். என்விஎம்ஈ டிஸ்க்குகளின் இன்டரப்ட்களைப் பொதுவாகக் கெர்னலே ஆள்கிறது. அவற்றில் எழுதப்போனால் உள்ளீட்டு–வெளியீட்டுப் பிழை வரும், அதற்கு வழியில்லை.

கேள்வி: கெர்னல் தொடக்க வரியில் ஐசோல்சிபியூஸ் மூலம் 4 முதல் 7 வரை ஒதுக்கிவைத்தேன். அந்த நான்கையும் மாஸ்க்காகக் கொடுத்து என் நிரலை ஓட்டினால் நான்கு த்ரெட்களும் ஒரே சிபியுவில் குவிகின்றன, மற்ற மூன்றும் சும்மா இருக்கின்றன.

பதில்: அப்படித்தான் நடக்கும். ஒதுக்கிய சிபியுக்களைச் சுமை பகிர்வுக் கணக்கிலிருந்தே கெர்னல் நீக்கிவிடுகிறது. அங்கே த்ரெட்டை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் ஆள் இல்லை. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரே ஒரு சிபியு என்று நீங்களே பிரித்துக் கொடுக்க வேண்டும். நான்குக்குள் சுமை பகிர்வும் வேண்டும் என்றால் ஐசோல்சிபியூஸை விட்டுவிட்டு சிகுரூப் 2-இல் சிபியுசெட் பார்ட்டிஷன் அமையுங்கள். அதன் வகையை 'ரூட்' என்று வைத்தால் அந்த நான்குக்குள் சுமை பகிர்வு தொடரும், வெளி வேலைகள் உள்ளே வராது. கெர்னல் ஆவணமும் ஐசோல்சிபியூஸை விட்டு சிபியுசெட்டுக்கு வரச் சொல்கிறது.

டைமர் டிக்கையும் (சிபியுவைச் சீரான இடைவெளியில் தட்டும் கடிகாரத் துடிப்பு) நிறுத்தத் தொடக்க வரியில் நோஹெர்ட்ஸ் ஃபுல் போட்டிருந்தால், அந்த சிபியுவில் ஓடத் தயாரான த்ரெட் ஒன்றே ஒன்று இருக்கும்வரைதான் டிக் நிற்கும். இரண்டாவது வந்த நொடியே திரும்பிவிடும்.

கேள்வி: 64 சிபியு கணினியில் கன்டெய்னருக்கு (நிரலைத் தனிமைப்படுத்தி ஓட்டும் பொதிக்கு) 4 சிபியு எல்லை வைத்திருக்கிறோம். உள்ளே ஓடும் நிரல் 64 த்ரெட் தொடங்குகிறது.

பதில்: எல்லை இரண்டு வகை. கோட்டா வைத்தால் 64 சிபியுவிலும் ஓடலாம், நேரம் மட்டும் நான்கு சிபியு அளவு. சிபியுசெட் வைத்தால் நான்கே சிபியு. கோட்டாவில் அஃபினிட்டி மாஸ்க் மாறவே மாறாது. அதனால் மாஸ்க்கைப் பார்க்கும் நிரலுக்கும் 64 என்றே தெரியும், 64 த்ரெட்டும் கோட்டாவைச் சட்டென்று தின்றுவிட்டு மிச்ச நேரம் முடங்கிக் கிடக்கும். சிபியுசெட் வைத்திருந்தாலும், ஆன்லைனில் உள்ள சிபியுக்களை எண்ணும் நிரல் 64 என்றே சொல்லும். மாஸ்க்கை எண்ண வேண்டும். என்ப்ராக் கட்டளை அப்படித்தான் எண்ணுகிறது. பைத்தானில் சிபியு கவுண்ட் ஃபங்ஷனை விட்டு, 3.13-இல் வந்த ப்ராசஸ் சிபியு கவுண்ட்டைப் பயன்படுத்துங்கள். கோ மொழி மாஸ்க்கை ஏற்கெனவே மதிக்கிறது, 1.25 பதிப்பிலிருந்து கோட்டாவையும் மதிக்கிறது. மற்றவற்றில் த்ரெட் எண்ணிக்கையைச் சூழல் மாறியில் கையால் கொடுத்துவிடுவது நல்லது.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் உண்மையான பிணைப்பு வேண்டுமானால் சிபியு மேனேஜரை ஸ்டாடிக் கொள்கையில் வைத்து, பாட் (சேர்ந்து ஓடும் கன்டெய்னர் குழு) கேரண்டீட் வகுப்பில் இருக்கும்படி ரிக்வெஸ்ட்டும் லிமிட்டும் சமமாக, சிபியு முழு எண்ணாகக் கொடுங்கள். 3.5 என்று எழுதினால் தனி சிபியு கிடைக்காது, பொதுக் குளத்தில்தான் ஓடும்.

கேள்வி: பிணைத்த சிபியுவை ஆஃப்லைன் செய்தால் த்ரெட் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. மாஸ்க்கில் வேறு சிபியு ஆன்லைனில் இருந்தால் அங்கே போகும். இருந்த ஒன்றும் போய்விட்டால் லினக்ஸ் பிணைப்பை உடைத்து, அனுமதியுள்ள வேறு சிபியுவில் ஓடவிடும். அந்த ப்ராசஸ் இனி அந்த சிபியுவோடு பிணைந்ததல்ல என்ற வரி கெர்னல் பதிவேடான டிமெசேஜில் பதிவாகும், ஆனால் நிரலுக்கு எந்த சிக்னலும் போகாது. சிபியு திரும்ப ஆன்லைன் வந்த பிறகு பழைய பிணைப்பு தானாக வந்துவிட்டது என்று நம்பாமல், மாஸ்க்கைப் படித்துப் பார்த்து மறுபடி பிணையுங்கள்.